ஆஸ்பத்திரிப் பல்லியின் சத்தியம்

அந்தக் காலத்தில் பல்லிக்கு நன்றாகவே பேச வரும். ஆனால் ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாது. அதுதான் அதைப் பிடித்த சனியன்.

அப்போது அந்தத் துறைமுகப் பட்டணத்தில் ஒரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மீன்காரச் சனங்களுக்கு மருந்து கிடைத்தாலும் கிடைக்கும், பதில் கிடைக்காது. குருசம்மாள் என்ற மீன்காரியின் தலைப்பிள்ளை அங்கே காலையில் செத்துப்போனான். அவளிடம் யாரும் சொல்லவில்லை. கஞ்சிச் சட்டியோடு சாயங்காலம்வரை வாசலில் நின்றாள்.

அந்த ஆத்திரத்தில்தான் கடற்கரைச் சனங்கள் தங்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். ஒவ்வொரு படகும் பிடித்த மீனில் ஒரு பங்கை மாதா கோயிலில் அதற்கென்று கொடுத்தது. பெண்கள் மண் சுமந்தார்கள். நோயாளிகளைப் பார்க்கக் கன்னியாஸ்திரீகள் வந்தார்கள். முதல் கூடை மண் குருசம்மாளுடையது. சுவர் எழும்பியதும் அவள் பல்லியைக் கூப்பிட்டு, மாதா சுரூபத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினாள்.

"இங்க யாரு கேட்டாலும் மறைக்காம சொல்லணும். என்ன மாதிரி யாரும் வாசல்ல நிக்கக் கூடாது."

பல்லி தலையாட்டியது.

பிறகு பட்டணத்தில் பேதி வந்தது. குருசம்மாளின் புருஷன் மடுத்தீன் ஒரு கூடத்தில், மகள் ரெஜினாள் அடுத்த கூடத்தில். மகள் விடியும்போதே போய்விட்டாள். மடுத்தீனோ அன்றுதான் கண் திறந்து கஞ்சி கேட்டிருந்தான். இப்போது சொன்னால் தாங்கமாட்டான், இரண்டு நாள் போகட்டும் என்றார் தெக்ளா சிஸ்டர். குருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சியோடு போனாள்.

"பிள்ள எப்படி இருக்கா?"

"தூங்குதா. நீங்க குடிங்க."

அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னதை அவன் கவனித்துவிட்டான். சுவரில் இருந்த பல்லியிடம் கேட்டான். குருசம்மாள் அதை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். பல்லி அவளையும் பார்த்தது, கூடத்து மாதா சுரூபத்தையும் பார்த்தது. பாவம், அது என்ன செய்யும்?

"விடியக்காலையே போயிட்டா" என்றது.

மடுத்தீன் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் அவனும் போய்ச் சேர்ந்தான்.

குருசம்மாள் பல்லியைத் திட்டவில்லை. சத்தியம் வாங்கியவள் அவள்தானே. ஆறிப்போன கஞ்சியைப் பார்த்துக்கொண்டு, "நான் கேட்டதத்தான் நீ செஞ்ச" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம். பல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தது. பொய் வரவில்லை, உண்மையைச் சொல்லத் துணிவும் இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, 'உச்' என்ற சத்தம்தான் வந்தது.

அன்று முதல்தான் பல்லிக்குப் பேச்சு இல்லை. எந்தச் சுவரில் இருந்தாலும் உச்சுக் கொட்டுவதோடு சரி. அந்த ஆஸ்பத்திரியில், "தூங்குறாங்க, நீங்க குடிங்க" என்று யாராவது சொல்லும்போது பல்லி உச்சுக் கொட்டினால், கட்டிலில் கிடப்பவர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கஞ்சியை வாங்கிக்கொள்கிறார்கள்.