எரியாத பச்சை விளக்குகள்

கண் மருத்துவர் நாச்சியப்பன் ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்த கேப்டன் ரெஜினா வயதில் இளையவர். ஆனாலும் விமானத்தில் ஏறிவிட்டால் டாக்டருக்கு ரெஜினா வைத்ததுதான் சட்டம்.

“மேடம், இந்தப் புது விமானத்துல என்னை எப்போ தனியா விடுவீங்க?”

“முதல்ல பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. இன்னைக்கு நான் ஓட்டுறேன்.”

புது விமானம் மேலே ஏறியதும் சக்கரங்களை மடக்கிக்கொள்ளும். இறங்கும்முன் ஓட்டுபவர்தான் அவற்றை இறக்க வேண்டும். சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டால் மூன்று பச்சை விளக்குகள் எரியும்.

திரும்பி வந்தபோது எதிரே ஓடுதளம் தெரிந்தது. ரெஜினா ரேடியோவில் இன்னொரு விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தார். டாக்டரின் கண் விளக்குகளில் விழுந்தது.

மூன்றும் எரியவில்லை.

ரெஜினாவைப் பார்த்தார். அவர் முகத்தில் சலனமே இல்லை. இப்போது இறக்குவார் என்று காத்திருந்தார்.

தென்னைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. வேலி கீழே ஓடி மறைந்தது. டாக்டர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஓடுதளத்தின் வெள்ளைக் கோடுகள் முகத்தை நோக்கிப் பாய்ந்தன.

“மேடம், சக்கரம்!”

ரெஜினாவின் கை எஞ்சின் வேக விசையை முழுக்க முன்னால் தள்ளியது. எஞ்சின் அலறியது. தரையைத் தொடவிருந்த விமானம் மேலே எழும்பியது.

இன்னொரு சுற்று. இந்த முறை பச்சை விளக்குகள் எரிந்தன. சக்கரங்கள் தரையில் பதிந்தன.

எஞ்சினை அணைத்துவிட்டு ரெஜினா கேட்டார். “எப்போ பார்த்தீங்க?”

“தென்னந்தோப்புக்கு முன்னாடியே.”

“ஏன் சொல்லலை?”

“உங்களுக்குத் தெரியாததான்னு நினைச்சேன். உங்களுக்குப் போய் நான் எப்படி…”

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

“உண்மையைச் சொல்லுங்க மேடம். மறந்துட்டீங்களா, இல்ல என்னைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?”

ரெஜினா பெல்ட்டைக் கழற்றினார்.

“ரெண்டுல எதுன்னு கேட்டுட்டுத்தான் விமானம் தீப் பிடிச்சிருக்குமா, டாக்டர்?”