மஞ்சள் குளிச்ச குட்டியும் மூத்த பேச்சியும்

ஒரே ஒரு ஊர்ல சீனியம்மான்னு அவல் இடிக்கிற பொம்பள ஒருத்தி இருந்தா. அவளுக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. ஒரு உரலு, ஒரு உலக்கை, ஒரு பூனை, அவ்வளவுதான் அவ குடும்பம். பூனைக்குப் பேரு பேச்சி. சீனியம்மா தன்னோட ஆத்தா பேர ஆசை ஆசையா அதுக்கு வச்சிருந்தா.

பகலெல்லாம் சீனியம்மா நெல்ல ஊறப்போட்டு, வறுத்து, சூடு ஆறதுக்குள்ள இடிச்சுப் புடைச்சு ஓலைப்பெட்டியில கொட்டுவா. பேச்சி பெட்டிக்குக் காவல் இருக்கும். பொழுது சாஞ்சு சீனியம்மா காலை நீட்டி உக்காந்தான்னா, பேச்சி மெதுவா வந்து மடியில ஏறிச் சுருண்டுக்கும். அந்த மடிதான் பேச்சிக்கு வீடு, வாசல், ராஜாங்கம் எல்லாம். அதுல ஒரு ஓரத்தக்கூட அது யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்ல.

சீனியம்மா நல்லவதான், ஆனா அவகிட்ட ஒரு கிறுக்கு இருந்துச்சு. வீட்டுக்குள்ள புதுசா எது வந்தாலும் குளிப்பாட்டித்தான் உள்ள எடுப்பா. புதுப் பானையா, குளிப்பாட்டு. சந்தையில வாங்குன கோழியா, அதையும் குளிப்பாட்டு. ஒரு தடவ பூசணிக்காய்க்கு மஞ்சள் பூசி வெயில்ல உக்கார வச்சிருந்தா, பாத்தவங்க எல்லாம் சாமின்னு நெனச்சுக் கும்பிட்டுட்டுப் போனாங்க. சிரிக்காதீங்க, கதையக் கேளுங்க.

ஒரு நாள் நல்ல மழை. உரலுக்குப் பக்கத்துல ஒரு பூனைக்குட்டி நனஞ்சு நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. தாய் எங்க போச்சோ, யாரு கண்டா? சீனியம்மா ஓடிப்போயி வாரி எடுத்தா, வெந்நி வச்சா, சீயக்காயத் தேச்சா, மஞ்சளப் பூசுனா, சாம்பிராணிப் புகை காட்டுனா, கன்னத்துல ஒரு கருப்புப் பொட்டும் வச்சா. வச்சுட்டு நேரா பேச்சி முன்னால கொண்டாந்து எறக்கிவிட்டு, இந்தா உன் தங்கச்சின்னு சொன்னா.

பேச்சி மூக்க நீட்டி ஒரு தடவ மோந்து பாத்துச்சு, சீயக்கா வாசனை. ரெண்டாந்தடவ மோந்துச்சு, மஞ்ச வாசனை. மூணாந்தடவ மோந்துச்சு, சாம்பிராணி வாசனை. பாத்தா பூனை மாதிரி இருக்கு, மோந்தா கல்யாண வீடு மாதிரி இருக்கு. பூனைன்னா பூனை வாசனை அடிக்கணுமா இல்லையா? பேச்சிக்கு முதுகு மயிரெல்லாம் சிலுத்துப் போச்சு. புஸ்ஸுனு ஒரு சீறு சீறிட்டு, ஒரே தாவா பரண்ல ஏறிக்கிச்சு.

சீனியம்மா என்ன பண்ணியிருக்கணும்? கொஞ்சம் பொறுத்திருக்கணும். அவ பொறுக்கல. ரெண்டுக்கும் ஒரே தட்டுல பால ஊத்தி, ரெண்டு தலையையும் புடிச்சுச் சேத்து வச்சா. பேச்சி அவ கையப் பிறாண்டிட்டு ஓடிப்போச்சு. அதுக்குள்ள அந்தக் குட்டி, விவரம் தெரியாத குட்டி, எங்க போயி ஏறிப் படுத்துச்சு தெரியுமா? மடியில. பேச்சி மடியில!

பேச்சி பரண்ல இருந்து அதப் பாத்துச்சு. அதுக்கு வந்தது கோவம் இல்ல, துக்கம். ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. ஏய், முன்னால உக்காந்து கதை கேக்குற ஈசுவரி, உன் தம்பிப் பாப்பா பொறந்தப்ப நீ சாப்பிடாமப் போயி வைக்கப்போருக்குப் பின்னால உக்காந்திருந்தியே, அந்த மாதிரின்னு வச்சுக்கோ.

இதையெல்லாம் இன்னொருத்தன் பாத்துக்கிட்டிருந்தான். யாரு? பெருச்சாளி. அந்த வீட்டுல பாத்திரம் கழுவுற அங்கணக்குழி ஓட்டைக்குள்ள குடியிருக்கிறவன். பேச்சிக்குப் பயந்து ரொம்ப நாளா அவல வாசம் புடிச்சே வயித்த நிரப்பிக்கிட்டிருந்தான். இதுதான் சமயம்னு ஓட்டையில இருந்து மூஞ்சிய மட்டும் நீட்டி, குரல ரொம்ப மரியாதையா வச்சுக்கிட்டு ஆரம்பிச்சான்.

"யக்கா, எனக்குக் கண்ணு மட்டு, ஆனா மூக்கு தப்பாது. அது பூனையே இல்ல. ஏதோ வேசம் கட்டி வந்திருக்கு. இன்னைக்கு மடியப் புடிச்சது, நாளைக்கு வீட்டப் புடிக்கும். அவங்களாத் தொரத்துறதுக்கு முந்தி மானத்தோட கெளம்பிருங்க."

பேச்சி மத்த நாளா இருந்தா அவன் மூஞ்சியக் கிழிச்சிருக்கும். ஆனா அன்னைக்கு அவன் சொன்னதும் தன் மூக்கு சொன்னதும் ஒண்ணா இருந்துச்சா, நம்பிருச்சு. அவன் அதோட விட்டானா? அடுத்தாப்புல குட்டிகிட்டப் போயி, அந்தக் கிழட்டுப் பூனை இதுக்கு முன்னால வந்த குட்டிகளையெல்லாம் தின்னுருச்சு, கிட்டப் போயிராதேன்னு சொல்லி வச்சான். அதுவும் நம்பிருச்சு. சீனியம்மா வேற, குட்டி சாம்பல்ல பொரண்டுச்சுன்னு மறுபடியும் குளிப்பாட்டுனா, தவிட்டுல பொரண்டுச்சுன்னு மறுபடியும் குளிப்பாட்டுனா. பூனை வாசனை வர்றதுக்கு வழியே இல்ல.

கடைசியில ஒரு நாள் காலையில பேச்சி வீட்ட விட்டுப் போயிருச்சு. போறதுன்னா ரொம்பத் தூரம் இல்ல, பக்கத்துக் குட்டிச்சுவரு வரைக்கும்தான். அதுக்கு மேல கால் வரல. அங்க உக்காந்து வீட்டையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

சீனியம்மா ஊரெல்லாம் தேடுனா. "ஏட்டி பேச்சி, நான் என்னட்டி பண்ணுனேன் உனக்கு"ன்னு உரலுமேல சாஞ்சு அழுதா. குட்டிச்சுவத்துப் பின்னால இருந்த பேச்சிக்கு அது கேக்கத்தான் செஞ்சுச்சு. ஆனா மானம் விடல. சீனியம்மா உலக்கையத் தொடல, அடுப்பப் பத்த வைக்கல, குட்டியக் குளிப்பாட்டவும் மறந்துட்டா. குட்டிக்கு மடியும் இல்ல, சூடும் இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டு, மூலையில அவல் புடைக்கிற ஒரு ஓட்டைச் சுளகு கெடந்துச்சு, அதுல ஒரு பழஞ்சேலைத் துணி கெடந்துச்சு, அதுல போயிப் படுத்துக்கிச்சு. அது பேச்சியோட படுக்கை. குட்டி ராத்திரியும் பகலும் அதுலயே கெடந்து பொரண்டுச்சு.

பெருச்சாளிக்கு வேட்டைதான். தெனமும் பெட்டியக் கடிச்சு அவலத் தின்னான். அப்புறம் ஒரு நாள் மத்தியானம், சீனியம்மா பிள்ளையாருக்கு ஒரு தேங்கா நேந்துக்கலாம்னு கோயிலுக்குப் போனா. அவன் பட்டப்பகல்ல நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தான். காஞ்ச அவலத் தின்னான், தின்னான், பெட்டி அடி தெரியிற வரைக்கும் தின்னான். விக்கல் எடுத்துச்சு. பானையில இருந்த தண்ணிய மடக்கு மடக்குனு குடிச்சான். அப்புறம் பாக்குறான், குட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்குது. இது பாத்தா ஆபத்துன்னு அதோட காதப் புடிச்சு ஒரு கடி கடிச்சான்.

குட்டி வீல்னு கத்துச்சு.

குட்டிச்சுவத்துல இருந்த பேச்சிக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. வேசம் கட்டுனது இப்படியா அழும்? ஒரே ஓட்டமா வந்து நடுவுல குதிச்சுச்சு. பெருச்சாளி வெலவெலத்துப் போயி, உங்களுக்காகத்தான் அக்கா இதத் தொரத்துறேன்னு கொழஞ்சான். பேச்சி குட்டிய மோந்துச்சு. ஒரு தடவ மோந்துச்சு, அவல் தவிட்டு வாசனை. ரெண்டாந்தடவ மோந்துச்சு, சீனியம்மா சேலை வாசனை. மூணாந்தடவ மோந்துச்சு, அது பேச்சியோட சொந்த வாசனை. அட, இது என் படுக்கையில கெடந்த புள்ளையாச்சேன்னு அதுக்கு நெஞ்சு உருகிப்போச்சு. கடிபட்ட காத நக்கிக் கொடுத்துட்டுத் திரும்புச்சு.

பெருச்சாளி ஓட்டைக்குள்ள பாஞ்சான். தலை போச்சு, முன்னங்கால் போச்சு, வயிறு போகல. காஞ்ச அவலத் தின்னு தண்ணி குடிச்சா என்ன ஆகும்? உங்களுக்கே தெரியும், ஊறும். அவன் வயித்துக்குள்ள ஒரு பெட்டி அவல் ஊறி உப்பிக்கிட்டே இருந்துச்சு. பாதி வீட்டுக்குள்ள, பாதி வெளியில. பேச்சி நிதானமா உக்காந்து, அவன் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் ஒரு பிறாண்டு பிறாண்டுச்சு. குட்டியும் தன் பங்குக்கு வாலக் கடிச்சுச்சு. வாலு குட்டி வாயில நின்னுருச்சு, அவன் பிச்சுக்கிட்டு ஊர் எல்லையத் தாண்டி ஓடுனவன்தான்.

சீனியம்மா கோயில்ல இருந்து வந்து பாக்குறா, பேச்சி நிக்குது. அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. எல்லாம் பிள்ளையார் செயல்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. அவ கடைசி வரைக்கும் அப்படித்தான் நெனச்சா, பாவம்.

பேச்சி மடியப் பாத்துச்சு. எத்தனையோ நாளா ஏங்குன மடி. ஆனா உடனே ஏறல. திரும்பிப் போயி, குட்டிய கழுத்துல கவ்வித் தூக்கிட்டு வந்து முதல்ல அத மடியில வச்சுச்சு. அப்புறம் தான் ஏறி, அதச் சுத்திப் படுத்துக்கிச்சு. மடி ரெண்டு பேருக்கும் தாராளமா இருந்துச்சு.

கண்ணுங்களா, புதுசா வந்தவங்கள யாரு மேலயும் திணிக்கக் கூடாது, இருக்கிறவங்க மனசு எறங்கி வர நேரம் கொடுக்கணும். கதை அவல் மாதிரி மென்னு முடிஞ்சுது, மிச்சம் இருந்தா கனவுல தின்னுக்கோங்க.