ஏழு நிறப் பொய்மீன்

நம் பாட்டன் பூட்டனுக்கும் முந்தி, மருதூர்ச் சீமையை உத்தமராயன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் வருஷத்துக்கொரு கிறுக்கு. முந்தின வருஷம் புறா, அந்த வருஷம் தூண்டில். ராஜாவின் கிறுக்கு ராஜாவோடு போனால் யாருக்கு என்ன? ஊரையல்லவா பிடித்து ஆட்டும்!

ஒருநாள் பேரேரிக்குப் போனவன், வடிவாயி என்ற மீன்காரி மண்புழுவைக் கோத்துப் போட்டு, முழங்கை நீளக் கெளுத்தியை இழுத்தெடுப்பதைப் பார்த்தான். "அடடா, கை என்றால் இதுவல்லவா கை!" என்று வாய்விட்டுச் சொன்னான். கூட நின்ற சபாரஞ்சிதருக்கு வயிறு எரிந்தது. சபையில் ராஜாவுக்கு அடுத்த ஆசனம் அவருடையது. ராஜா வேறு யாரையாவது புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மறுமாதமே கப்பல் வியாபாரியிடம், புழுவுக்குப் பதில் தூண்டிலில் மாட்டும் ஏழு பொய்மீன் வாங்கிவந்தார். தங்க உடம்பு, மயிலிறகு வால், மேலே வர்ணப் பூச்சு. ஒன்று பவளச் சிவப்பு, ஒன்று மரகதப் பச்சை, ஒன்று நீலம் என்று ஏழுக்கும் ஏழு நிறம். ஒன்றின் விலைக்கு ஒரு யானை வாங்கலாம்.

"புழு ஏழைகளின் இரை, மகாராஜா. மீனுக்கு நிறம் தெரியும். நிறம் பொருந்திவிட்டால் தானே வந்து கவ்வும்" என்றார்.

ராஜா போட்டான், போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு கெண்டைக் குஞ்சுகூட மோந்து பார்க்கவில்லை.

"இந்த மேலக்கரை மீன்காரர்கள் புழுவைக் காட்டிக் காட்டி மீனின் நாக்கையே கெடுத்துவிட்டார்கள்" என்றார் சபாரஞ்சிதர். "ஏரியை மற்றவர்களுக்கு மூடுங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள் விரதம் போல விடாமல் போட்டுப் பார்க்க வேண்டும்."

ராஜாவும் தலையாட்டினான். மூடியாயிற்று.

மேலக்கரையில் இருபத்துமூன்று வீடு. வடிவாயிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் வீடு போக மற்ற இருபத்திரண்டு வீடும்தான் அவளுக்கு உறவு. வருஷத்தின் முதல் விராலை யார் பிடித்தாலும், எத்தனை அடுப்போ அத்தனை துண்டாக்கி வீட்டுக்கு வீடு கொடுப்பது அவர்கள் வழக்கம். அந்த வருஷம் முதல் விராலே வரவில்லை. சிவப்பு மண்டலத்தில் சட்டிபானை விற்றார்கள். பச்சை மண்டலத்தில் கீரை பறித்துத் தின்றார்கள். நீல மண்டலத்தில் ஒவ்வொரு வீடாக மூட்டை கட்டியது. இன்னும் நாலு நிறம் பாக்கி.

கடைசியில் அவளைத் தவிர நாலு வீடுதான் மிஞ்சியது. "நான் போய் ராசாகிட்ட கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் போயிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுவிட்டு வடிவாயி கிளம்பினாள்.

கோட்டை வாசலில் அவளைப் பன்னிரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். யார் உத்தரவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நாள் ராஜா பல்லக்கில் வெளியே வர, குறுக்கே விழுந்தாள்.

"மகாராசா! மீனுக்கு நிறம் தெரியும்னு சொன்ன ஐயாவை ஒரேயொரு தரம் ஏரியில முங்கச் சொல்லுங்க. அவர் சொன்னது நெசம்னா என் தலையை எடுத்துக்குங்க."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு விடவா மனசு வரும்? அப்படியே எல்லோரும் கீழக்கரைப் படித்துறைக்குப் போனார்கள். வடிவாயி ஏழு பொய்மீனையும் ஒரே கயிற்றில் கட்டி ஆழமான மடுவில் இறக்கினாள்.

"சாமி, முங்கி அந்தச் செவப்பை மட்டும் அவுத்துட்டு வாங்க."

"இதென்ன பிரமாதம்!" என்று முங்கினார் சபாரஞ்சிதர். மேலே வந்து, "இதோ பவளம்!" என்று கையை விரித்தார். நீலம். மறுபடி முங்கினார், பச்சை வந்தது. மூன்றாம் தரம் மூச்சு முட்டி, கை நிறையப் பாசியோடு வந்தார். படித்துறையே சிரித்தது.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. தானே முங்கிப் பார்த்து எழுந்தான். "கீழே எல்லாம் ஒரே சேறு நிறம் ஐயா! சிவப்பாவது பச்சையாவது!"

"கரையில நின்னா எனக்கும்தான் செவப்பு தெரியுது. மீன் கரையிலயா நிக்குது, மகாராசா?" என்றாள் வடிவாயி. "இந்தப் பளபளப்பு வாங்குறவங்க கண்ணுக்குத்தான். மீனு துடிக்கிறதைப் பாத்துக் கவ்வும், பசிச்சாக் கவ்வும். பசின்னா..." அவள் கண் மேலக்கரைப் பக்கமே போனது. ஒரு கூரையிலும் அடுப்புப் புகை இல்லை.

"சபாஷ்!" என்று தொடையைத் தட்டினான் ராஜா. "ஏரி திறந்தது! இந்த ஏழு பொய்மீனும் உனக்கே. ஓய் சபாரஞ்சிதரே, நீர் ஒரு பொய்மீன் செய்து, அதில் மாட்டுகிற மீனைத்தான் இனிமேல் தின்ன வேண்டும். அதுவரை உம் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. வடிவாயிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மண்டலமாக எரியாத அடுப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தானே தெரியும். பல்லக்கு ஏறும்போதே ராஜா, "அடுத்த வருஷம் பட்டம் விடலாமா?" என்று கேட்டுக்கொண்டு போனான்.

விகடம் இத்தோடு முடிந்தது. சிரிக்கிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

வடிவாயி கரையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். "திறந்துட்டாங்க! ஏரியைத் திறந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அந்த நாலு வீட்டுக் கதவிலும் கயிறு கட்டியிருந்தது. எட்டு நாள் காத்திருந்தார்களாம், அதற்கு மேல் குழந்தைகளுக்குத் தாங்கவில்லையாம். வழியில் ஆடு மேய்த்த ஒருவன் சொன்னான். எந்தத் திசையில் போனார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை.

அவள் ராஜா கொடுத்த பொய்மீன் பெட்டியை வாசலில் போட்டாள். மண்ணைக் கிளறி ஒரு புழு எடுத்துக் கோத்து, தூண்டிலை வீசினாள். நாலு மாதத்துக்கு மேல் யாரும் புழு போடாத ஏரியல்லவா? நிமிஷத்தில் மாட்டியது, தொடை கனத்தில் ஒரு விரால். வருஷத்தின் முதல் விரால்.

அதை இருபத்துமூன்று துண்டாக்கினாள். வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மூடிய கதவுக்கு முன்னால் ஒவ்வொரு துண்டாக வைத்துவிட்டு வந்தாள்.