பச்சைக் கதவில் ஒட்டிய நோட்டீஸ்

வெள்ளோட்டம்பாளையத்தில் புத்திசாலிகளுக்குக் குறைவே இல்லை. பாதிப் பேர் பேரூராட்சி ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். அந்த ஊரில்தான் சென்னியப்பன், அங்கமுத்து, ஆறுச்சாமி என்ற மூன்று அண்ணன் தம்பிகளும் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம். "பாலைப் பார்த்துக்கங்க" என்று தங்கை பாவாயி சொல்லிவிட்டுப் போனால், அது பொங்கி வழிந்து அடுப்பு அணையும்வரை மூவரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வீட்டில் சம்பாதிப்பது பாவாயி ஒருத்திதான். கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து விற்று மூன்று அண்ணன்மாருக்கும் சோறு போட்டாள். கன்னிமார் வீதியில் வாடகைக்கு இருந்தவள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓடைமேட்டில் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிவந்து சில வருஷம் ஆகிறது.

ஒருநாள் காலையில் பில் கலெக்டர் தெய்வசிகாமணி வந்தார். தினமும் தூக்குப்போசியோடு மாவு வாங்க வருகிறவர், அன்றைக்குத் தள்ளுவண்டியோடு வந்தார்.

"வீட்டு வரி பாக்கிம்மா. நாலு நோட்டீஸ் போட்டும் பதில் இல்லை. கிரைண்டரை ஜப்தி பண்ணச் சொல்லி உத்தரவு."

"நோட்டீஸா? இங்க ஒண்ணும் வரலீங்களே!"

"இங்க எப்படிம்மா வரும்? எங்க புஸ்தகத்துல கன்னிமார் வீதி விலாசம்தான் இருக்குது. அங்க பச்சைக் கதவுல நானே என் கையால ஒட்டினேன்."

"ஏனுங்க, தெனமும் இங்க வந்துதானே மாவு வாங்கறீங்க?"

"அது மாவு விசயம். இது ஆபீசு விசயம்."

"நோட்டீசுக்குத் தெரியாத ஊடு, ஜப்திக்கு மட்டும் எப்படீங்க தெரிஞ்சுது?"

தெய்வசிகாமணி அன்றைக்கு அரைக்க ஊறிக்கொண்டிருந்த அரிசியைப் பார்த்தார். மறுநாள் அவர் வீட்டிலும் இட்லிதான். "திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். ஆட்சேபணை இருந்தா ஈ.ஓ.கிட்டச் சொல்லுங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

பாவாயி அண்ணன்மாரைக் கூப்பிட்டாள். "வரி கட்ட மாட்டேன்னா சொன்னேன்? சீட்டே வராம அபராதம், ஜப்தின்னா எப்படி? கிரைண்டர் போச்சுன்னா நாம நாலு பேரும் பட்டினிதான். போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று அவர்களை அனுப்பினாள். அந்த வருஷம் அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அது.

ஆபீசில் ஈ.ஓ. என்கிற செயல் அலுவலரின் நாற்காலியில் துண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. அவர் எப்போதுமே அப்படித்தான். துண்டு டூட்டி பார்க்கும், அவர் டீ குடிப்பார். மூவரும் துண்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உச்சிப்பொழுது வரை நின்றார்கள். கடைசியில் அவர் வந்து விஷயத்தைக் கேட்டார்.

"பழைய வீட்டுல நீங்க இல்லைங்கறதை நிரூபிக்கணும். நாளைக்குக் காலையில நானே நேர்ல வந்து பார்ப்பேன்."

வீடு திரும்பும் வழியில் ஆலோசனை நடந்தது.

"அண்ணா, நாளைக்கு அவர் வர்றப்ப அங்க யாருமே இல்லைன்னா, நாம அங்க இல்லைன்னு அவருக்கு யாரு சொல்றது?" என்றான் கடைசித் தம்பி ஆறுச்சாமி.

"அக்கம்பக்கத்துக்காரங்க சொல்லுவாங்க" என்றான் நடுவன் அங்கமுத்து.

"அவங்க பேச்சை நம்ப முடியுமா? நம்ம விசயத்தை நாமதான் சொல்லோணும்" என்று தீர்ப்புச் சொன்னார் மூத்தவர் சென்னியப்பன்.

விடிவதற்குள் பாய், தலையணை, தண்ணிக்குடம் எல்லாம் கன்னிமார் வீதி வீட்டுக்குப் போய்விட்டன. காலியாகக் கிடந்த அந்த வீட்டுக் கூரையில் பாதி ஓடுகளைக் காணோம். செயல் அலுவலர் வந்தபோது மூவரும் சம்மணமிட்டுப் பழையசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாருய்யா நீங்க?"

"நாங்கதானுங்க சார். நாங்க இங்க இல்லீங்க" என்றார் சென்னியப்பன் பணிவோடு.

"மூணு பேருமே இல்லீங்க. சோறு மட்டுந்தான் இங்க சாப்பிடறோம்" என்றான் அங்கமுத்து.

'மூவரும் இங்கேயே குடியிருப்பது நேரில் கண்டறியப்பட்டது' என்று எழுதிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

கேட்ட பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்குன்னு வாய்ச்சிருக்கறீங்களே! அந்த நோட்டீசெல்லாம் யாரும் கிழிக்காம, ஒண்ணுமேல ஒண்ணா கதவுலயே இருக்குது. அதைக் காட்டினாலே ஆச்சே. ஆரும் கையில வாங்கலைன்னு தெரியுமே. கதவுல ஒட்டினபடி அவர் பார்த்தாப் போதும்!"

ஒட்டினபடி என்றால் ஒட்டினபடிதான். அண்ணன்மார் பச்சைக் கதவைப் பெயர்த்தார்கள். கீலோடு, தாழ்ப்பாளோடு தலையில் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாக நடந்தார்கள். வழியில் ஒருவர் "கதவுக்கு என்ன விலை?" என்று கேட்டார். "விக்கறதில்லீங்க, இது சாட்சி சொல்லப் போகுது" என்றான் ஆறுச்சாமி.

செயல் அலுவலர் கதவைச் சுற்றி வந்து பார்த்தார். அடியில் இருந்த நோட்டீசைக் கறையான் பாதி படித்திருந்தது. மனுஷர் யாரும் படித்த அடையாளம் இல்லை. அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஜப்தியை ரத்து செய்து, 'புதிய நோட்டீஸை இவர்களுடைய கதவில் ஒட்டவும்' என்று உத்தரவு போட்டார். கதவு ஆதாரமாயிற்றே, ஆபீசிலேயே இருக்கட்டும் என்று தன் நாற்காலிக்குப் பின்னால் சாத்தி வைக்கச் சொன்னார்.

பாவாயிக்கு உயிர் வந்தது. வரிப்பணத்தை முடிந்து வைத்துக்கொண்டு ஓடைமேட்டு வீட்டு வாசலைத் தினமும் பார்த்தாள். நோட்டீஸ் வரவே இல்லை.

எப்படி வரும்? தெய்வசிகாமணி உத்தரவைப் படித்தார். 'இவர்களுடைய கதவு' எது என்று அவருக்கா தெரியாது? பசை டப்பாவோடு எழுந்து நாலடி நடந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்ற பச்சைக் கதவில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெயிலில் அலையாமல் முடிந்த வேலை என்பதால் அவருக்குப் பரம திருப்தி.

கெடு தாண்டியது. 'கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்ட கட்டடத்தில் உள்ள பொருள்களை ஜப்தி செய்க' என்று அடுத்த உத்தரவு தயாரானது. செயல் அலுவலர் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. தெய்வசிகாமணி தள்ளுவண்டியைக் கொண்டுவந்து மேஜை, மின்விசிறி, நாற்காலி என்று வரிசையாக ஏற்றினார்.

செயல் அலுவலர் டீ குடித்துவிட்டு வந்தபோது துண்டு தரையில் கிடந்தது.

"யோவ், இது என் நாற்காலிய்யா!"

"உங்க உத்தரவுங்க சார். ஆட்சேபணை இருந்தா ஈ.ஓ.கிட்டச் சொல்லுங்க."

சேதி கேட்டு அண்ணன் தம்பிகள் மூவரும் ஓடிவந்தார்கள். தங்கள் கதவால் ஒரு நல்ல மனிதருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது.

"வருத்தப்படாதீங்க சார். நோட்டீஸ் ஒட்டின எடத்துல நீங்க இருக்கறதில்லைன்னு நிரூபிச்சாப் போதுமுங்க."

"அதுக்குச் சாட்சி வேணுமே?"

'இந்த ஆபீசில் நான் இருப்பதே இல்லை' என்று அவர் தன் கைப்பட மனு எழுதினார். முதல் கையெழுத்தைச் சென்னியப்பன் போட்டார். பின்னால் நின்ற வரிசை பஸ் ஸ்டாண்டு வரை போயிற்று. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அவ்வளவு பேர் கையெழுத்துப் போட்ட அந்த மனுவை வாங்கிக்கொள்ளத்தான் ஆபீசில் ஆள் இல்லை.