போறேன் என்று சொல்லும் பெட்டிகள்

ஒரு காலத்தில் வாசலே இல்லாத கடை ஒன்று இருந்தது. கல்லாவும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. கைபேசியின் கண்ணாடிக்குள் மட்டும் கடை. சரக்கெல்லாம் விருத்தாசலத்தில் ஒரு மாடியறையில். அலர்மேல் என்பவள் அங்கிருந்து ஊறுகாய் போடும் ஜாடி விற்றுவந்தாள்.

மத்தியான வேளையில் சன்னல் வழியே காற்று வந்து ஜாடிகளின் வாயில் ஊதும். அவை எல்லாம் சேர்ந்து மெல்ல முனகும். அந்த முனகலில் அட்டைப்பெட்டிகள் சொக்கிப்போய், தாங்கள் மரமாக இருந்த நாளைக் கனவு கண்டுகொண்டிருக்கும்.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு பழக்கம். புறப்படும்போது "போறேன்" என்று வெடுக்கென்று சொல்லும். நம் வீடுகளில் அப்படிச் சொன்னால் அம்மா வாயைப் பொத்துவாள். அங்கேயோ "போயிட்டு வர்றேன்" என்பதுதான் ஆகாத பேச்சு. போன பெட்டி திரும்பி வந்தால், வாங்கியவர் சரக்கு வேண்டாம் என்றுவிட்டார் என்று பொருள். அப்படித் திரும்பிய பெட்டி ஒன்று, வாய் கிழிந்து மூலையில் கிடந்தது. மற்றவை அதோடு பேசுவதேயில்லை.

அங்கே இருந்த நடுத்தரப் பெட்டி ஒன்றுக்கு அந்த மூலையை நினைத்தாலே நடுக்கம். தப்பித்தவறிக்கூட அந்தப் பக்கம் பார்க்காது.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், போடிநாயக்கனூரிலிருந்து குணசுந்தரி என்ற அம்மாள் ஜாடி கேட்டிருந்தார். அந்த அளவில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வழக்கமாக அலர்மேல் ஒவ்வொரு ஜாடியையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். "டங்" என்றால் நல்ல ஜாடி. "தட்" என்றால் எங்கோ கீறல். அன்றைக்கு அனுப்பவேண்டியது நிறைய இருந்ததால், தட்டாமலேயே வைக்கோலைச் சுற்றி நடுத்தரப் பெட்டிக்குள் இறக்கிவிட்டு டேப்பைத் தேடப் போனாள்.

ஜாடி கிசுகிசுத்தது. "பெட்டியண்ணே, எனக்கு அடியில மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருக்கு. உப்புத்தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். அந்தம்மாவோட மாங்கா பூரா வீணாப் போயிடும்."

அது கைபேசியின் காதில் விழுந்துவிட்டது. அதற்குக் கண்ணெல்லாம் எப்போதும் அடுத்து வாங்க வரும் ஆள்மேல்தான்.

"வாயை மூடு. கசியறது தெரியவே பத்து நாள் ஆகும். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் கெடு. பெட்டி, நீ திரும்பி வரவே மாட்டே, உனக்கென்ன? இந்தம்மா போனா இன்னொருத்தர் வந்துட்டுப் போறாங்க."

பெட்டிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? பிறகு, முகம் தெரியாத அந்த அம்மாள் ஜாடியைத் தூக்கி, அடியில் ஈரத்தைத் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நிற்பது அதன் கண்முன் வந்தது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இதை எப்படித் தாங்குவது?

அலர்மேல் டேப்போடு வந்தாள்.

"தம்பி டேப்பு, இன்னைக்கு மட்டும் ஒட்டாதே" என்று கெஞ்சியது பெட்டி.

"என் பொழைப்பே ஒட்டறதுதான்யா!"

"என் வாயை இறுக்கிப் பிடிச்சு என்ன பண்ணப் போறே? அந்தம்மா கையை விட்டுப் போயிடுவாங்களே."

டேப்புக்கு என்ன புரிந்ததோ, பிடியை விட்டது. அலர்மேல் மறுபடி ஒட்டினாள். மறுபடியும் பிரிந்தது. ஜாடிதான் துருத்துகிறது என்று நினைத்து, அதை அமுக்கிவிடக் கையை உள்ளே விட்டாள். விரல் முட்டி பட்டது.

"தட்."

அவள் ஜாடியை வெளியே எடுத்துவைத்தாள். உடனே கைபேசியை எடுத்தாள்.

"அம்மா, ஜாடிக்கடை அலர்மேல் பேசறேன். உங்க ஜாடியில கீறல் இருக்கு, அதை அனுப்ப மனசில்லை. வேற வரப் பதினைஞ்சு நாளாகும்."

"அய்யய்யோ, வெள்ளிக்கிழமை வடு பறிக்கிறோமேம்மா! பதினைஞ்சு நாள் விட்டா கொட்டை கட்டிருமே. மக மாசமா இருக்கா, வடுமாங்கா வடுமாங்கான்னு உசுரை விடுறா."

அலர்மேல் கொஞ்சம் யோசித்தாள். "எங்க வீட்டு ஜாடி ஒண்ணு இருக்கும்மா. பழசுதான், ஆனா கசியாது. அதை அனுப்பறேன், வடு போட்டுக்குங்க. புதுசு வந்ததும் அனுப்பறேன். அதுல மாத்திட்டு எங்க ஜாடியைக் குடுங்க, போதும்."

"ஏம்மா, கடைக்காரங்க ஜாடி இரவல் குடுப்பாங்களா?" என்றது மறுமுனை. "சரி, அனுப்பும்மா."

அலர்மேல் வீட்டு ஜாடியைப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி மூடியின் உட்புறத்தில் தன் முகவரியை எழுதி, 'இதிலேயே திருப்பி அனுப்புங்கள்' என்று சேர்த்தாள். அதைப் பார்த்து மற்றப் பெட்டிகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. போகும் முன்னாலேயே திரும்பி வருவது எழுதியாகிவிட்டதே! நடுத்தரப் பெட்டி எதுவும் சொல்லாமல் புறப்பட்டது. "போறேன்" என்றால் அது பொய். மற்றதைச் சொல்ல நா எழவில்லை.

லாரி ஏதோ மேகத்தின்மேல் போவதுபோல் ஆடி ஆடிப் போனது. போடியில் பெட்டிக்கு அடுப்படிப் பரணில் இடம் கிடைத்தது. கீழே வடுமாங்காய் ஊறும் வாசனை மேலே ஏறி அதன் அட்டை மடிப்பெல்லாம் நிறைந்தது. புது ஜாடி வந்து சேர்ந்தது. கொஞ்ச நாளில் குழந்தை அழும் சத்தமும் கேட்டது. பெட்டி தூங்கியதா விழித்திருந்ததா என்று அதற்கே தெரியாது.

ஒரு மத்தியானம் அது மாடியறைக்குத் திரும்பியது. "வந்துட்டான்டா, திரும்பி வந்துட்டான்!" என்று பெட்டிகள் கூவின. மூலையில் கிடந்த கிழிசல் பெட்டி மட்டும் அதற்கு இடம்விட்டு நகர்ந்து படுத்தது.

அலர்மேல் திறந்தாள். ஜாடி கனத்தது. கழுத்துவரை வடுமாங்காய். கூடவே ஒரு சீட்டு: 'உங்க ஜாடியை வெறுமனே அனுப்ப மனசு வரலை. பேத்தி பிறந்திருக்கா. என் தங்கச்சி ஒரு ஜாடி கேட்கிறா. நீங்க தட்டிப் பார்த்து அனுப்பினா போதும், வேற எங்கேயும் வாங்க மாட்டாளாம்.'

"இந்தத் தங்கச்சி யாரு? நான் கூப்பிடவே இல்லையே!" என்றது கைபேசி.

அலர்மேல் ஒரு வடுவைக் கடித்துக்கொண்டே புது ஜாடியைத் தட்டினாள். "டங்." அதே பெட்டியில் வைத்து ஒட்டினாள், இந்தத் தடவை டேப் இறுகப் பிடித்துக்கொண்டது. அறை முழுக்க அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தது.

பெட்டி மூலையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது: "போயிட்டு வர்றேன்."