ஆளவந்தாரின் காது

சாலிகிராமத்தில் இசையமைப்பாளர் ஆளவந்தார் என்றால் பெரிய பெயர். ஸ்டூடியோ நிறையப் பழைய சிந்தசைசர் வாத்தியங்கள். ஒவ்வொன்றும் பீரோ கனம். அங்கே வேலை கேட்டு வந்த தூத்துக்குடி ஜெசிந்தாவிடம் இருந்ததோ ஒரு லேப்டாப்பும் சின்னக் கீபோர்டும்தான்.

"சாஃப்ட்வேர்ல சத்தம் வரும்மா, உயிர் வராது," என்றார் ஆளவந்தார், படத் தயாரிப்பாளர் முன்னாலேயே. "எது லேப்டாப், எது என் மெஷின்னு கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிடுவேன். நான் ஏமாந்துட்டா, இந்தப் படத்துக்கு நீதான் கீபோர்டு."

"சரிங்க சார். ஒரே மெட்டை ரெண்டு தடவை வாசிக்கிறேன், நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெசிந்தா ஒரு தடவை வாசித்தாள். பிறகு எழுந்து போய், இருப்பதிலேயே பெரிய சிந்தசைசரின் சுவிட்சை 'டக்'கென்று தட்டினாள். திரும்பி வந்து மறுபடி வாசித்தாள்.

"முதல்ல வந்தது வெறும் பிளாஸ்டிக்! ரெண்டாவதுதான் என் மெஷின். என்ன உயிர் பாத்தீங்களா!" என்று பூரித்துப்போனார் ஆளவந்தார்.

தயாரிப்பாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கண்ணைத் திறங்க சார். பாப்பா ரெண்டு தடவையும் லேப்டாப்லதான் வாசிச்சுது."

"அப்போ அந்த சுவிட்ச் சத்தம்?"

"அதை மட்டும் உங்க மெஷின்ல வாசிச்சேன் சார்," என்றாள் ஜெசிந்தா.

அன்று சாயங்காலம் படத்தின் முதல் பாட்டுக்கு ஜெசிந்தா தலைநிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள்.