கயிற்றில் ஒரு சிக்கு

எஸ்தரிடம் பாறை ஏறக் கற்றுக்கொண்டவர்களில் பூங்கோதைதான் மூத்தவள். இரண்டு வருடமாக ஒரு வார இறுதிப் பயணத்தைக்கூட அவள் தவறவிட்டதில்லை. ஆனால் ஒரு முறைகூட முதலில் ஏறியதில்லை.

எஸ்தருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

அவர்கள் தேடிப் போகும் பாறைகளில் ஆணி அடித்திருக்காது. முதலில் ஏறுகிறவர் வெடிப்பு கண்ட இடத்தில் கட்டைவிரல் அளவு உலோகத் துண்டு ஒன்றைச் செருகுவார். அதை நட்டு என்பார்கள். அதன் கொக்கியில் தன் கயிற்றை மாட்டிவிட்டு மேலே போவார். கை நழுவினால் கடைசியாக மாட்டிய நட்டுதான் தாங்க வேண்டும். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கேட்கும்போது விடுவார், விழுந்தால் நிறுத்துவார். இரண்டாவதாக ஏறுகிறவர் செருகியதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வருவார்.

பூங்கோதை எப்போதும் இரண்டாவது. கூட வரும் ஜெயபால் அவளுக்குப் பல் டாக்டர் என்று பெயர் வைத்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை, பாறையின் அடியில் எஸ்தர் நட்டுகளையெல்லாம் ஒரு பட்டையில் கோத்தார். பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

எஸ்தர் பட்டையை ரிஸ்வானாவின் தோளில் மாட்டினார்.

ரிஸ்வானா அவர்களோடு வருவது அது மூன்றாவது தடவை.

"நானா மாஸ்டர்? முதல்லயா?" என்று ரிஸ்வானா சிரித்தாள். "அக்கா, பார்த்தீங்களா? என்னைப் போய் முன்னால விடுறாங்க."

"நல்லா ஏறு," என்றாள் பூங்கோதை. காலையில் வேனில் தன் எலுமிச்சை சாதத்தில் பாதியை இவளுக்குக் கொடுத்தது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

ரிஸ்வானா காலணி மாற்றப் போனதும் பூங்கோதை எஸ்தரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாஸ்டர், என்னை எப்போ முன்னால விடுவீங்க?"

"இன்னிக்கு அவளுக்குக் கயிறு பிடி. அப்புறம் கேளு."

"நான் செருகுறதுல ஏதாவது தப்பா?"

"இல்லையே. நல்லாச் செருகுற."

"அப்போ பயப்படுறேனா?"

"அதுவும் இல்லை."

எஸ்தர் தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவி, முறுக்கு எடுத்து, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் தளர்வாகக் குவித்தார்.

ரிஸ்வானா ஏறினாள். அழகாக ஏறினாள். அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பூங்கோதைதான் அவளுக்குக் கயிறு பிடித்திருந்தாள்.

"பொண்ணு பல்லி மாதிரிப் போகுதே!" என்றான் ஜெயபால். "பல் டாக்டருக்கு இன்னிக்கு நிறைய வேலை இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் மட்டும் குவியலிலிருந்து கயிற்றை எடுத்து எடுத்துப் பூங்கோதையின் காலடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

பாதி உயரத்தில் வெடிப்பு மூடிக்கொண்டது. ரிஸ்வானா ஒரு கையால் தொங்கியபடி, அங்கே இருந்த சின்னச் சந்தில் ஒரு நட்டைச் செருகினாள். கொக்கியில் மாட்டக் கயிற்றை இழுத்தாள்.

"அக்கா, கயிறு!"

பூங்கோதையின் காதில் அது விழுந்தது. கயிறு அவள் கையில்தான் இருந்தது. காலடியில் வேண்டிய அளவு கிடந்தது. அவள் விடவில்லை.

ரிஸ்வானாவின் கை கொக்கிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றுவிட்டது. அவள் வலது கால் தையல் மிஷின் போல நடுங்கத் தொடங்கியது.

"அக்கா! கயிறுக்கா!"

பூங்கோதை விட்டாள். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

"என்னாச்சு?" என்றான் ஜெயபால்.

"ஒரு சிக்கு. எடுத்துட்டேன்."

எஸ்தர் தலை நிமிரவில்லை. அடுத்த முழத்தை எடுத்து அவள் காலடியில் போட்டார்.

ரிஸ்வானா உச்சிக்குப் போய்க் கூவினாள். கீழே கைதட்டினார்கள். எஸ்தர் காலையில் வந்ததுமே பின்பக்கமாக நடந்து போய் உச்சியில் கட்டி வைத்திருந்த கயிற்றில் அவள் தன்னைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இனி அவள் மேலிருந்து கயிறு பிடிக்க, பூங்கோதை ஏற வேண்டும்.

பூங்கோதை ஏறினாள். ஒவ்வொரு நட்டாகப் பிடுங்கினாள். ஒவ்வொன்றையும் பிடுங்கும் முன் ஆட்டிப் பார்த்தாள். முதலாவது உறுதியாக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மேலிருந்து கயிறு அவள் ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போனது. தளரவும் இல்லை, அவளை இழுக்கவும் இல்லை. அவள் ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. பூங்கோதை அதைக் கவனிக்கவில்லை. அவள் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெடிப்பு மூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருந்த நட்டில் அவள் விரல் பட்டது. அது கையோடு வந்துவிட்டது.

அதை அவள் பட்டையில் கோக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மீதிப் பாறையை அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அவ்வளவு லேசாக இருந்தது.

உச்சியில் ரிஸ்வானா அவளைக் கட்டிக்கொண்டாள். "நடுவுல கால் நடுங்கிப் போச்சுக்கா. கீழே நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா நின்னேன்."

"ம்," என்றாள் பூங்கோதை.

பின்பக்கப் பாதையில் அவள்தான் முதலில் இறங்கி வந்தாள். நேரே எஸ்தரிடம் போனாள்.

"மாஸ்டர், இதைப் பாருங்க. விரல் பட்டதும் வந்துருச்சு."

எஸ்தர் நட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்கே இருந்தது?"

"வெடிப்பு மூடுற இடத்துக்குக் கொஞ்சம் கீழே."

"அவ கயிறு கேட்டுக் கத்தினாளே, அப்போ கடைசியா மாட்டியிருந்தது இதுலதானா?"

"இதுலதான் மாஸ்டர்."

"அப்போ விழுந்திருந்தா?"

"இது பிடுங்கிட்டு வந்திருக்கும். இதுக்கு அடுத்தது ரொம்பக் கீழே இருந்துச்சு. தரையிலதான் வந்து…"

பூங்கோதை நிறுத்திவிட்டாள்.

எஸ்தர் நட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "செருகினது தப்புதான். அவகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். பிறகு கயிற்றின் முனையைத் தேடி எடுத்தார். "காலையில ஒண்ணு கேட்டியே. இப்போ ஏறுறியா? முன்னால?"

அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது. கையில் இருந்த நட்டு வியர்வையில் வழுக்கியது.

ரிஸ்வானா காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

"அடுத்து அக்காவா? மாஸ்டர், நான் கயிறு பிடிக்கிறேன். அக்கா எனக்குப் பிடிச்ச மாதிரியே பிடிக்கிறேன்."

"வேணாம்," என்றாள் பூங்கோதை.

"ஏன்க்கா? இப்போ மேல நல்லாத்தானே பிடிச்சேன்?"

பூங்கோதை பாறையைப் பார்த்தாள். ரிஸ்வானா முகம் வாடி எஸ்தரைப் பார்த்தாள்.

"ஏன் மாஸ்டர், அக்காவுக்கு என்ன?"

எஸ்தர் தரையில் உட்கார்ந்து, கயிற்றை மறுபடியும் ஒரு முனையிலிருந்து தடவத் தொடங்கினார்.

"ஒண்ணுமில்லை," என்றார். "கயிறு சிக்கிக்கும்னு பயப்படுறா."